நசீரா பெயர் போட்ட பாத்திரங்கள்

திருவள்ளூர்
3.7.2006

மாமா அவர்களுக்கு,

ஜபீன் எழுதுவது. ஸலாம். நானும் அவரும் நலம். அவர் வழக்கம்போல் காலை ரயிலில் ஆவடிக்குப் போய் வருகிறார்.

இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. நான் அரிசி விலையில் ஆரம்பித்தால் நீங்கள் சிங்கப்பூர் கப்பலில் போய் முடிக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படியுங்கள்.

எங்கள் முதலாளி துளசிராமன் சார் போன வாரம் கும்மிடிப்பூண்டிக்கு வந்திருந்தார். அங்கே சிப்காட்டில் மூன்று கம்பெனிகளின் கேன்டீன் எங்கள் கான்ட்ராக்ட். மதியம் மீந்துபோகிற சாப்பாட்டை வேனில் ஏற்றி, சர்ச்சுக்குப் பக்கத்தில் கிரேஸ் அக்கா நடத்துகிற கொட்டகைக்கு அனுப்புகிறோம். இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக. அதைப் பார்க்கத்தான் சார் வந்தார். பாத்திரங்களை வரிசையாகத் தரையில் வைத்திருந்தார்களாம். பிளாஸ்டிக் வாளி, அலுமினியக் குண்டான், நடுவில் பளபளவென்று நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். அதில் பெயர் வெட்டியிருந்தது.

மறுநாள் ஆபீசில் நான் சாப்பிட உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு மாமி கொடுத்த டிபன் பாக்ஸ். எதை வாங்கினாலும் கடையிலேயே உட்கார்ந்து தன் பெயரை வெட்டி வாங்குவார்களே, அந்தப் பெயர் அதிலும் இருக்கிறது. சார் என் மேசையருகே நின்றார்.

"இன்னாம்மா, இதே பேர நேத்து அங்க பாத்தேனே. நசீரா ஜலாலுதீன். யாரு?"

என் மாமி என்றேன்.

"ரொம்பக் கஷ்டமா?"

போன வருஷம் இறந்துவிட்டார்கள் என்றேன்.

"அப்ப அந்தக் கேரியர எடுத்துக்கினு வர்றது யாரு?"

அவரே விசாரித்துவிட்டார். ரயில்வே கேட் பக்கம் நாலு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர், பழைய இரும்பு வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர் என்று எல்லாம் தெரிந்துகொண்டு வந்தார். "சொந்த ஊட்டுக்காரன் துன்றதுக்கா நான் வேனுக்கு டீசல் போடறேன்? பள்ளம் தோண்டிப் பொதைச்சிடலாமே" என்றார். ஆபீசில் எல்லோரும் இருந்தார்கள்.

மாமா, உங்களுக்கு அது எதற்கு? மாமி போன பிறகு இங்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டேன். வரவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது கௌரவக் குறைச்சல், கொட்டகையில் வாங்குவது இல்லையா?

எனக்குக் கோபம்கூட வரவில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு டைப் அடிக்கப் போய்விட்டேன். நிறுத்திவிடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஜபீன்


கும்மிடிப்பூண்டி
8.7.2006

என் அக்கா பெற்ற செல்வம் ஜபீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போஸ்ட்மேன் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போனான். இந்த ஊரில் அந்த மரியாதை எனக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும்தான். படிப்பு எட்டாம் வகுப்பு வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே காலை வைத்திருந்தால் இன்றைக்கு நான் கலெக்டர். உன் முதலாளி என் வாசலில் மனுவோடு நின்றிருப்பார்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நான் அங்கே சாப்பாடு வாங்கப் போகவில்லை. ருசி பார்க்கப் போகிறேன். கிரேஸ் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "பாய், உங்க நாக்கு பாஸ் பண்ணாத சாம்பார நான் எப்படி ஜனங்களுக்கு ஊத்தறது?" என்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பெண்பிள்ளை அப்படிக் கேட்கும்போது முடியாது என்று சொல்ல நம் வம்சத்தில் யாருக்கும் வாய் வராது. ருசி பார்க்க நாலடுக்கு கேரியர் எதற்கு என்று கேட்பாய். ஸ்பூனில் ருசி தெரிந்துவிடுமா? சோறு ஓரடுக்கு, குழம்பு ஓரடுக்கு, பொரியல், ரசம். முறையாகச் செய்ய வேண்டும் அல்லவா?

அடுத்தது, அந்தப் பாத்திர வரிசை. அதை யார் கொண்டுவந்தது என்று உன் முதலாளி விசாரித்தாரா? நான். அது இல்லாவிட்டால் அந்தத் திட்டம் முதல் மாதமே கவிழ்ந்திருக்கும்.

ஆரம்பத்தில் ஜனங்களை வரிசையில் நிற்கவைத்தார்கள். சர்ச் மதில் ஓரமாக. அந்த ரோட்டில்தான் கம்பெனி பஸ்ஸெல்லாம் போகும். ஷிப்ட் விட்டு வருகிறவன் ஜன்னல் வழியாகப் பார்ப்பான். நேற்றுவரை பக்கத்து மெஷினில் நின்றவன் இன்றைக்குக் குண்டானோடு நிற்கிறான். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். மழையும் இல்லை, புழுதியும் இல்லை, எல்லார் முகத்திலும் முந்தானை. எனக்குப் பொறுக்கவில்லை. கிரேஸைக் கூப்பிட்டேன். "இன்னாம்மா இது, கோர்ட்டுல கைதி நிக்கற மாதிரி? மனுஷன நிக்க வைக்காத. பாத்திரத்த நிக்க வை" என்றேன்.

பழவேற்காட்டில் நோன்புக் கஞ்சிக்கு நாம் அப்படித்தானே? உனக்கு ஞாபகம் இருக்கும். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் பாத்திரங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும். இறால் கம்பெனி முதலாளி வீட்டுத் தூக்கும் வலை பின்னுகிறவன் வீட்டுப் போசியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருக்கும். பாங்கு சொல்லுகிற மோதினார்தான் ஊற்றுவார், தலையை நிமிர்த்த மாட்டார். அகப்பைக்கு ஆள் தெரியாது. "உனக்குத்தான் நாலு படகு இருக்கே, கஞ்சி எதுக்கு?" என்று யாராவது யாரையாவது கேட்டதுண்டா? பணக்காரன் பாத்திரம் வராவிட்டால்தான் கேட்பார்கள், "என்ன, அவுங்க வூட்ல யாருக்கும் மேலுக்கு முடியலையா?" என்று.

இங்கேயும் அதையே செய்தேன். பாத்திரம் கொட்டகையில். ஜனங்கள் எதிரே வேப்பமரத்தடியில், ஏதோ பஸ்ஸுக்கு நிற்பதுபோல. முந்தானை எல்லாம் இறங்கிவிட்டது.

என்னோடு கோபால் வருவான். மூன்றாவது லைன் வீட்டில் குடியிருக்கிறானே, ரோலிங் மில்லில் இருந்தவன். மில்லை மூடிவிட்டார்கள். கை வலிக்கிறது, கேரியரைத் தூக்க ஆள் இல்லை என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். தண்டவாளத் துண்டை ஒற்றைக் கையால் லாரியில் எறிந்தவனுக்குக் கை வலியா? தினமும் வந்து, "பாய், கெளம்பலாமா?" என்று நிற்பான். வெறுங்கையோடு வருவது நன்றாக இருக்காது என்று தன் வீட்டுத் தூக்கு ஒன்றையும் கொண்டுவருவான்.

இதையெல்லாம் உன் முதலாளியிடம் எடுத்துச் சொல்.

உன் மாமா,
ஜலாலுதீன்


திருவள்ளூர்
14.7.2006

மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கிரேஸ் அக்கா நேற்று ஆபீசுக்குப் போன் செய்தார்கள். ருசி பார்ப்பது பற்றிக் கேட்டேன். சிரித்தார்கள். "அப்படியா சொன்னாரு?" என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பழவேற்காட்டுக் கஞ்சி வேறு, இது வேறு. நோன்புக் கஞ்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் பாத்திரமும் கொண்டுவந்தார்கள். அது எல்லோருக்கும் காய்ச்சினது. இது கம்பெனிச் சாப்பாடு, மீந்தது. ஓர் ஆளுக்குப் போனால் இன்னோர் ஆளுக்கு இல்லை. உங்கள் கேரியர் நிறைந்த பிறகு கடைசிப் பாத்திரத்துக்குக் குழம்பு இல்லாமல் போன நாள் ஒன்றாவது இருக்காதா? நீங்கள் அதை எழுதவில்லை. நீங்கள் எழுதாததுதான் எனக்குத் தெரிகிறது.

ஆகஸ்ட் முதல் சார் புதிதாக ஒரு விதி கொண்டுவருகிறார். பாத்திர வரிசை கிடையாது. ஆள்தான் நிற்க வேண்டும். ரேஷன் கார்டைக் காட்ட வேண்டும். சொந்த வீடு உள்ளவர்களுக்குக் கிடையாது. கொட்டகை வாசலில் போர்டு வைக்கப்போகிறார். "இலவச உணவு, ஏழைகளுக்கு மட்டும்." வாசகத்தை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். பெரிய எழுத்தில் கேட்டார். கொடுத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. சாப்பாடு சரியான ஆளுக்குத்தான் போகிறது என்று அவர் கம்பெனிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். "உள்ளவன் ஒருத்தன் நடுவுல பூந்துட்டா, இல்லாதவன் எவன்னு நான் எப்படிமா கண்டுபுடிப்பேன்?" என்கிறார். எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

ஒன்று கேட்கிறேன். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தபோது உங்கள் அடுப்படிக்குப் போனேன். அடுப்பு துடைத்தபடி இருந்தது. மாமி வைத்த இடத்தில் தீப்பெட்டி இருந்தது. வீட்டில் சமைக்கிறீர்களா?

ஜபீன்


கும்மிடிப்பூண்டி
20.7.2006

ஜபீனுக்கு,

சமைக்கிறேனா என்றா கேட்டாய்? போன வெள்ளிக்கிழமை நான் போட்ட பிரியாணி வாசனைக்கு நெல்லூர் போகிற ரயில் சிக்னல் இல்லாமலேயே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து, "யாரு வூட்டுல?" என்று கேட்டதாக கேட்காரன் சொன்னான். நெய், முந்திரி, சீரகச் சம்பா, எல்லாம் அளவோடு. காலையில் நாஷ்டாவுக்கு ஆப்பம், தேங்காய்ப்பால். இரவு கோதுமைக் கஞ்சி, ஏனென்றால் டாக்டர் என்னைப் பார்த்து, "பாய், உங்களுக்கு இருபத்தஞ்சு வயசுக்காரன் ஒடம்பு, அத அப்படியே வெச்சிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்.

அதனால் கவலைப்படாதே. உன் முதலாளி போர்டு வைக்கட்டும். பதினைந்து ஊர் பஞ்சாயத்தில் வாக்கு மாறாதவன் நான். இனி என் கேரியர் அந்தக் கொட்டகைக்குப் போகாது. கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கடைசிப் பாத்திரம் பற்றி எழுதியிருந்தாய். ஒரு நாள் அப்படி ஆனது. ஒரே ஒரு நாள். பொரியல் இல்லாமல் போய்விட்டது. நான் என் அடுக்கைக் கழற்றி அந்த அம்மாளின் வாளியில் கவிழ்த்தேன். இதில் கதை எதுவும் சேர்க்கவில்லை.

கோபால் இன்றைக்கும் வந்து, "பாய், கெளம்பலாமா?" என்றான். இனிமேல் இல்லை, எனக்கு வயிறு சரியில்லை என்றேன். தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு வீட்டுக்குப் போய்விட்டான்.

மாமா


கும்மிடிப்பூண்டி
14.8.2006

ஜபீனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போர்டு வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. நீலத்தில் எழுதி, "ஏழைகளுக்கு மட்டும்" என்பதைச் சிவப்பில் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்தே படிக்கலாம்.

முதல் நாள் சிலபேர் வந்தார்கள். போர்டைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்கள். இரண்டு பெண்கள் கார்டைக் காட்டி வாங்கிக்கொண்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அவர்களும் இல்லை. கிரேஸ் மணி அடித்துப் பார்த்தாள். நான் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா நடக்கப் போனேன். வாக்கு மீறவில்லை.

சாப்பாட்டை வேனிலேயே திரும்ப ஏற்றினார்கள். எளாவூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்காரன் டிரம்மோடு வருகிறானாம். எந்த மிருகத்துக்கு என்று நான் எழுதமாட்டேன். அவன் காசும் தருகிறானாம்.

கோபால் வீட்டில் மதியம் புகை இல்லை. சுவர் ஒன்றுதானே, பாத்திரச் சத்தம் எனக்குக் கேட்கும். இப்போது கேட்பதில்லை. அவனைக் கூப்பிட்டு, "இன்னாடா, நீ ஏன் போறதில்ல? உங்கிட்டதான் கார்டு இருக்கே" என்றேன்.

"போர்டப் பாத்தியா பாய்?"

"பாத்தேன்."

"நான் ஏழ இல்ல பாய். வேல இல்ல. அவ்ளோதான்."

"அப்ப இத்தினி நாளு வந்தியே?"

"அது உன்னால பாய். மாமி போனப்பறம் நீ துன்றதே இல்லன்னு என் பொண்சாதிதான் சொல்லிச்சு. தனியா வுட்டா போவமாட்டே, நீ போயி இட்டுக்கினு போன்னிச்சு. சும்மா கூப்ட்டா வருவியா நீ? அதான் கேரியரத் தூக்கியாரேன்னு வந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு எங்க ஊட்டுத் தூக்கையும் எடுத்துக்கினேன்."

ஜபீன், அவனை நான் கூட்டிக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் ஏமாற்றிக்கொண்டு தினமும் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு பெரிய சிரிப்புக் கதை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை.

பிரியாணி பற்றி எழுதியிருந்தேன். நசீரா மாட்டிவைத்த சிலிண்டர் இன்னும் தீரவில்லை. அதை நான் திறந்தால்தானே தீரும்.

மாமா


திருவள்ளூர்
26.8.2006

மாமா,

உங்கள் கடிதம் பத்து நாளாக என் மேசை டிராயரில் இருக்கிறது. பதில் எழுத உட்காருவேன். எழுந்துவிடுவேன். இங்கே வேலை அதிகம் என்று பொய் சொல்லலாம்தான். ஆனால் நம் குடும்பத்தில் அதற்கு நீங்கள் போதும்.

போர்டை எடுத்துவிடலாமா என்று சாரிடம் கேட்டேன். முடியாது என்றார். "நம்ம வேல குடுக்கறது. வர்லன்னா அவுங்க இஷ்டம். பசிச்சா வருவான்" என்றார். ஆள் குறைவதை வேன் டிரைவரும் அவரிடம் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி சார் மறுபடியும் நேரில் வருகிறார். அன்றைக்கும் கொட்டகை காலியாக இருந்தால் திட்டத்தை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் அந்தப் பண்ணைக்காரனுக்கே எழுதிக் கொடுக்கப்போகிறார். அதற்கான கடிதத்தையும் என்னிடம்தான் டைப் அடிக்கச் சொல்லியிருக்கிறார். அடித்துவிட்டேன். கையெழுத்துத்தான் பாக்கி.

வசதி உள்ளவர்கள் இலவசச் சாப்பாட்டை எடுக்கக் கூடாது என்று நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் எடுக்காவிட்டால் இல்லாதவர்களும் எடுக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்? இரவு வீட்டில் அவரிடம் கேட்டேன். "உன் மாமாவைத்தான் கேட்கணும்" என்றார்.

கேட்கிறேன். என்ன செய்வது?

சாப்பிடுகிறீர்களா?

ஜபீன்


கும்மிடிப்பூண்டி
15.9.2006

என் அக்கா பெற்ற செல்வம் ஜபீனுக்கு,

உட்கார்ந்து படி. தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் முதலாளி பன்னிரண்டாம் தேதி வந்தார். நான் முன்னால் போய் நின்று பேசிய பேச்சில் சர்ச் மணி தானாக அடித்தது. கம்பெனி பஸ் ஏழும் நின்றுவிட்டன. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், நீங்கதான் இந்தத் திட்டத்துக்கு சேர்மன்" என்று தழுதழுத்தார்.

இல்லை. அப்படியெல்லாம் நடக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் படுத்தே இருந்தேன். மூன்றாம் நாள் கோபாலைக் கூப்பிட்டு ஏணி கொண்டுவரச் சொன்னேன். அடுப்படிப் பரணை நசீரா போன பிறகு நான் திறக்கவே இல்லை. மேலே சாக்குப் போட்டு மூடி, கயிறு கட்டி வைத்திருந்தாள். கோபால் ஒவ்வொன்றாக இறக்கினான். நான் கீழே நின்று வாங்கினேன். தூக்கு, சம்புடம், டபரா, அடுக்கு டப்பா, குண்டான். உன் மாமிக்குப் பாத்திரக் கடைதான் சினிமாக் கொட்டகை. சீட்டுப் பணம் விழுந்தால் பாத்திரம், பெருநாள் வந்தால் பாத்திரம், என்மேல் கோபம் வந்தால் அதற்கும் பாத்திரம். எல்லாவற்றிலும் பெயர். மூடியிலும் பெயர். "பேர் வெட்டலன்னா சாமான் சபைக்குப் போனா திரும்பி வராது" என்பாள்.

நான் ஏதாவது அழுவேன் என்று கோபால் கீழே பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் வரவில்லை. கை மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தது. கூடம் நிறைந்துவிட்டது. கோபாலின் பெண்சாதி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பிறகு லைன் வீடுகளுக்கும், கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளுக்கும், முன்னே கொட்டகைக்கு வந்துகொண்டிருந்த எல்லோருக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "செவ்வாக்கிழம இத எடுத்தாந்து கொட்டகைல வெச்சிட்டு, மரத்தடில போயி நில்லு. கார்டு வேணாம். யாரன்னா கேட்டா, இது நசீரா வூட்டுப் பாத்திரம்னு சொல்லு."

"அவுங்கதான் இல்லியே பாய்" என்றாள் ஒருத்தி.

"பாத்திரம் இருக்கே" என்றேன்.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தபோது கொட்டகையில் வரிசை இருந்தது. வாளி இல்லை, அலுமினியம் இல்லை. கொட்டகைக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எவர்சில்வர். உன் முதலாளி காரிலிருந்து இறங்கினார். "வரிசை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே" என்றார். அவர் குனிந்து முதல் பாத்திரத்தில் இருந்த பெயரைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். நடந்துகொண்டே படித்தார். பாதி வரிசையில் நின்றுவிட்டார்.

மரத்தடியைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். நானும்தான்.

"இதுல சொந்த ஊட்டுக்காரன் பாத்திரம் எது?" என்று கிரேஸைக் கேட்டார்.

"அதான் பேரு போட்டிருக்கே சார்."

"எல்லாத்துலயும் அதே பேருதானே போட்டிருக்கு."

"ஆமா சார்" என்றாள் கிரேஸ். வேனைப் பார்த்துவிட்டு, "சோறு ஆறுது சார்" என்றாள்.

அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கிரேஸ் அகப்பையை எடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஜபீன். வேண்டும் என்றும் சொல்லவில்லை. கடைசிப் பாத்திரம் நிறைகிற வரை நின்று பார்த்தார். கடைசிப் பாத்திரத்துக்கும் குழம்பு இருந்தது. காரில் ஏறிப் போய்விட்டார். போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன்மேல் யாரோ துண்டைக் காயப்போட்டிருக்கிறார்கள். அது யார் துண்டு என்று என்னைக் கேட்காதே.

என் பாத்திரத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். எனக்குப் பாத்திரம் இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். நாலடுக்கு கேரியரை அடுக்கடுக்காகக் கழற்றி நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வெறுங்கையோடு திரும்பினேன். கோபால் நான் கொடுத்த தூக்கின் மூடியில் கொஞ்சம் சோறு வைத்து, "துன்னு பாய்" என்று நீட்டினான். நின்றுகொண்டே சாப்பிட்டேன். ருசியா இல்லையா என்று தெரியவில்லை. மூடியின் உள்பக்கம் அவள் பெயர் இருந்தது. சோறு தீரத் தீர எழுத்து வெளியே வந்தது.

எனக்கு நாலு வீடு இருக்கிறது. நான் அதைச் சாப்பிடலாமா கூடாதா என்று நீயே சொல். நோன்பு வந்துவிட்டால் மதியம் நான் சாப்பிடப்போவதில்லை. அப்போதும் ஒரு பாத்திரம் வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வைப்பதற்குத்தான் கையில் ஒன்றும் இல்லை.

மாமா


திருவள்ளூர்
21.9.2006

மாமா,

சார் அன்றைக்கு இங்கே வந்து எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் என் மேசைப் பக்கம் வந்து டிபன் பாக்ஸைப் பார்த்தார். பெயரைப் படித்தார். போய்விட்டார். சாயந்தரம், பண்ணைக்காரனுக்கு அடித்த கடிதத்தைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழித்தாரா, வைத்திருக்கிறாரா தெரியாது. நான் கேட்கவில்லை.

நீங்கள் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை. யாராவது வந்து கேட்டால் பழைய பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

நாளை எங்கள் சாமான் வண்டி கும்மிடிப்பூண்டிக்கு வருகிறது. டிரைவரிடம் என் டிபன் பாக்ஸைக் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அதற்குள்தான் இருக்கும். நேற்றிலிருந்து நான் ஆபீசுக்கு இலையில் கட்டிக்கொண்டு போகிறேன்.

கடிதத்தை வெளியே எடுத்துவிட்டு, பாக்ஸை ஒரு தடவை கழுவி, சனிக்கிழமை வரிசையில் வையுங்கள். ஓரத்தில் வேண்டாம், நடுவில். உங்களுக்காக அனுப்பினேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது என் பாத்திரம். எடுத்துக்கொள்ள நானே வருகிறேன். மரத்தடியில் எனக்கும் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள்.

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அந்தச் சிலிண்டரைத் திறப்போம். திங்கட்கிழமை முதல் நோன்பு, விடியுமுன் சஹருக்கு வெந்நீராவது வைக்க வேண்டும்.

ஜபீன்